லாரி ஓட்டத் தெரிந்தவர் பேருந்துத் தேர்வில் தவறியது ஏன்?

(பேருந்து ஓட்டுநர் தேர்வாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, இப்போது பயிற்சி அளித்துவரும் ஆலோசகர் இக்கடிதத்துக்குப் பதில் எழுதுகிறார். கடிதம் எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.)

கடிதத்தின் சுருக்கம்

கடிதம் எழுதியவருக்கு வயது 41. 9 ஆண்டுகளாகச் சரக்கு லாரி ஓட்டுகிறார். பெரிய விபத்து எதுவும் நேர்ந்ததில்லை. நாள்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கவேண்டிய அந்த வேலையை விட்டு, வேலை முடிந்ததும் வீடு திரும்பக்கூடிய பேருந்து ஓட்டுநர் பணிக்கு மாற விரும்புகிறார். லாரியையே ஓட்டியவனுக்குப் பேருந்து ஒரு பொருட்டா என்று எண்ணி, நான்கு வகுப்புகள் மட்டும் சென்றுவிட்டு ஓட்டுநர் தேர்வுக்குப் போனார், தவறிவிட்டார்.

தேர்வு தொடங்கிச் சுமார் பத்து நிமிடங்களில், சாலையோரப் பக்கமாகத் திரும்பிய ஓர் இறுக்கமான திருப்பத்தில் பின்சக்கரம் நடைபாதை விளிம்பை உரசியது. அதற்குப் பின் ஒரு நிறுத்தத்தில் வண்டி வெடுக்கென்று நின்றது. அடுத்த நிறுத்தத்தில் கதவு முழுதாக மூடுவதற்கு முன்பே வண்டி அசைந்தது. அங்கிருந்து வெளியேறும்போது பேருந்தின் பின்பகுதி நடைபாதையின் மேலாக வீசிச் சென்றது. இந்தக் கடைசித் தவறைத் தேர்வாளர் கடுமையான தவறாகக் குறித்திருக்கிறார். நிறுத்தத்தில் அப்போது ஒருவர்கூட நிற்கவில்லை என்றும், யாருக்கும் எந்தச் சேதமும் இல்லாதபோது தன்னைத் தவறவைத்தது அநியாயம் என்றும் வாசகர் வருந்துகிறார்.

அவருடைய கேள்விகள் இவை: முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா? பன்னிரண்டு நாளில் கிடைக்கும் மறுதேர்வுத் தேதியை எடுத்துக்கொள்வதா, காத்திருப்பதா? பயிற்சிச் செலவை ஏற்றுக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கும் நிறுவனத்தில் கையெழுத்திடலாமா? பதற்றம் தணிய நண்பர் தருவதாகச் சொல்லும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா? கடைசியில், ஏறக்குறைய தயங்கியபடி, இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். இரவில் தான் பலமாகக் குறட்டை விடுவதாகவும், இடையில் மூச்சு நின்று திணறி எழுவதாகவும் மனைவி சொல்கிறாராம். பகலில் அடிக்கடி கண் அசருகிறதாம். மருத்துவப் படிவத்தில் இதைக் குறிப்பிட்டால் வேலை போய்விடுமோ என்பது அவருடைய அச்சம்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தவறுகளை நேர்ந்த வரிசையிலேயே, எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மையால்தான் நானும் உறுதியாகச் சில விஷயங்களைச் சொல்ல முடிகிறது.

முதலில் நீங்கள் தவறாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். பின்சக்கரம் விளிம்பில் உரசியதோடு தேர்வு கைநழுவிவிட்டது என்று நினைக்கிறீர்கள். உங்கள் தாளில் அது சிறிய தவறாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகும் தேர்வு உங்கள் கையில்தான் இருந்தது. உரசிய சத்தம் கேட்டதும் "எல்லாம் முடிந்தது" என்று மனம் சொல்லியதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அதற்குப் பின் வந்த மூன்று தவறுகளும் அந்த எண்ணத்தோடு ஓட்டிய சில நிமிடங்களுக்குள் நடந்தவை. தேர்வாளர் இருக்கையில் அமர்ந்து இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதல் தவறுக்காகத் தவறியவர்களைவிட, முதல் தவறை எண்ணிக்கொண்டே ஓட்டியதால் தவறியவர்களே அதிகம் என்பது என் அனுபவம். தேர்வாளர் தாளில் ஏதேனும் எழுதினால் அது தவறாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் பேசாமல் இருந்தால் கோபமாக இருக்கிறார் என்றும் பொருளில்லை. வழி மாறித் திரும்பிவிட்டால்கூட, பாதுகாப்பாகத் திரும்பியிருந்தால் அதையே தவறாகக் கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை; சரியான பாதைக்குத் திரும்ப வழி சொல்வார்கள்.

நிறுத்தத்தில் யாரும் இல்லையே?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்த வரி இதுதான். ஒருவர்கூட அங்கே நிற்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பேருந்து ஓட்டுநர் தேர்வு முழுவதும், அந்த நேரத்தில் இல்லாத ஒருவரை இருப்பதாகக் கொண்டு ஓட்டுகிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறது. தேர்வு வண்டி பெரும்பாலும் காலியாகவே ஓடுகிறது. உள்ளே நிற்பவர் இல்லை, கைக்குழந்தையோடு ஏறுபவர் இல்லை, இருக்கையைத் தேடி நடந்துகொண்டிருக்கும் முதியவர் இல்லை. அவர்கள் எல்லாரும் இருப்பதாகவே நினைத்து நீங்கள் பிரேக்கை மிதிக்கிறீர்களா, கதவை மூடுகிறீர்களா, கண்ணாடியைப் பார்க்கிறீர்களா என்பதற்குத்தான் அந்தத் தாளில் கட்டங்கள் இருக்கின்றன.

லாரியில் நீங்கள் 9 ஆண்டுகள் கற்றது வீணில்லை. ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது, காற்றழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் பிரேக் எப்படிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், இறக்கத்தில் பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதித்தால் காற்று எப்படித் தீரும் என்பதையெல்லாம் புதிதாக வருபவருக்கு நாங்கள் வாரக்கணக்கில் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது கைவந்த விஷயம். ஆனால் லாரியில் சரக்கைக் கயிறும் பட்டையும் போட்டுக் கட்டிவைக்கலாம். பேருந்தில் நிற்பவரை எதனாலும் கட்டிவைக்க முடியாது. அவரைப் பிடித்துவைத்திருப்பது அவருடைய ஒரு கையும், உங்கள் வலது காலும்தான். 60 பேர் ஏறிய பேருந்தில், ஒருவருக்குச் சராசரி 65 கிலோ என்று கொண்டால்கூட, ஏறக்குறைய 4 டன் எடை எந்தக் கட்டும் இல்லாமல் இருக்கிறது.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர் ஓடுகிறது. அவசரத்தில் பலமாக அழுத்தினால், உலர்ந்த நல்ல சாலையில், பிரேக் பிடித்ததிலிருந்து 12 மீட்டர் சொச்சத்தில் வண்டியை நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தினால் நின்றுகொண்டிருப்பவர் முன்கண்ணாடி வரை வந்து விழுவார். அவர் கைப்பிடியை இறுகப் பற்றாமலே நிம்மதியாக நிற்கவேண்டுமானால், ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் குறைக்க வேண்டும். அதற்கு 11 நொடியும் 60 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரமும் தேவை. லாரி ஓட்டுநரின் கால் அந்தப் 12-க்கும் 60-க்கும் இடையில் எங்கோ பழகியிருக்கிறது. பேருந்து ஓட்டுநரின் கண் 60 மீட்டருக்கும் அப்பால் இருக்கவேண்டும். சிக்னல் எவ்வளவு நேரமாகப் பச்சையில் இருக்கிறது, நிறுத்தத்தில் கை காட்டுபவர் எங்கே நிற்கிறார், முன்னால் போகும் வண்டியின் முன்னால் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் அங்கிருந்தே படிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பதை நீங்களே அறிவீர்கள். பயணிக்கு வசதியான பிரேக் தூரமும் அப்படியே நான்கு மடங்காகிறது.

வண்டி வெடுக்கென்று நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் கடைசி ஒரு மீட்டரில் இருக்கும். அதுவரை மிதித்த அளவிலேயே காலை வைத்திருந்தால், சக்கரம் நிற்கும் கணத்தில் வண்டி முன்னும் பின்னும் ஒரு முறை ஆடும். நிற்பதற்குச் சற்று முன் பிரேக்கை மெல்லத் தளர்த்தி, ஏறக்குறைய நின்றபின் மறுபடி லேசாகப் பிடிக்க வேண்டும். ரிடார்டர் (வழக்கமான சக்கர பிரேக்குக்குத் துணையாக வண்டியின் வேகத்தைக் குறைக்கும் கருவி) உள்ள வண்டியானால் அதன் முதல் நிலையிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் அது எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில் மட்டுமே பிடிப்பதால், மழை பெய்த சாலையில் அதைப் பெரிதாக நம்பாதீர்கள்.

இதைப் பயில ஒரு வழி சொல்கிறேன். பயிற்சியாளர் உங்கள் அருகில் இருக்கும்போது, நம்பிக்கையான இன்னொருவரைக் கடைசி இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். வண்டி நின்றுவிட்டது என்று தோன்றும் கணத்தில் அவர் கையை உயர்த்தட்டும். அவர் ஒரு நொடி பிந்தி உயர்த்தினால் நீங்கள் நன்றாக நிறுத்தியிருக்கிறீர்கள். நின்ற அதே நொடியில் உயர்த்தினால், அவர் உடல் அந்த நிறுத்தத்தை உணர்ந்துவிட்டது என்று பொருள். இதற்கு வண்டி ஓட்டும் வகுப்பே தேவையில்லாத இன்னொரு வடிவமும் உண்டு. ஏதேனும் ஒரு பேருந்தில் பயணியாக ஏறி, நடுவில் நின்று, கால்வழியே ஓட்டுநரின் பிரேக்கைக் கவனியுங்கள். நல்ல ஓட்டுநரின் வண்டியில் ஒரு மணிநேரம் நின்றால், என் கடிதம் சொல்வதைவிட அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

பின்பகுதி ஏன் வீசியது?

இது உங்கள் கடுமையான தவறு என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு பேருந்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஏறக்குறைய 6 மீட்டர்தான் இருக்கும். மீதி 6 மீட்டர் இரு முனைகளிலும் நீண்டிருக்கிறது: முன்சக்கரத்துக்கு முன்னால் இரண்டரை மீட்டருக்குக் குறையாமல், பின்சக்கரத்துக்குப் பின்னால் மூன்று மீட்டருக்கும் மேல். நீங்கள் அமர்ந்திருப்பது முன்சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருக்கும் அந்தப் பகுதியில். உங்கள் லாரியில் சக்கரம் ஏறக்குறைய உங்களுக்குக் கீழே இருந்தது. பேருந்தில் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே லாரியில் திருப்பத் தொடங்கிய அதே இடத்தில் இங்கும் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், நீங்கள் முன்கூட்டியே திருப்பிவிட்டீர்கள் என்று பொருள். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை. முழுத் திருப்பத்தில் அது இரண்டு மீட்டருக்கும் மேல் உட்புறமாக வெட்டி வரும். விளிம்பில் உரசியது அதனால்தான். உங்கள் இருக்கை திருப்பத்தின் முனையைக் கடந்து, முன்சக்கரம் முனைக்கு வரும் வரை பொறுத்திருந்து திருப்புங்கள். திருப்பம் முடியும்வரை உட்புறக் கண்ணாடியில் பின்சக்கரத்தை விடாமல் பாருங்கள். முன்முனை சாலையின் நடுப்பக்கம் அதிகம் விலகினால் எதிரே வருபவருக்குத் தடையாகும் என்பதால், நுழையும் வேகம் நடைவேகத்துக்குக் குறைந்திருக்க வேண்டும்.

நிறுத்தத்திலிருந்து வெளியேறும்போது இதற்கு எதிர்ப்புறமாக ஆபத்து வருகிறது. ஸ்டீயரிங்கைச் சாலைப் பக்கமாக முழுதாகத் திருப்பிப் புறப்பட்டால், பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மூன்று மீட்டர் நடைபாதைப் பக்கமாக வீசும். முழுத் திருப்பத்தில் அரை மீட்டருக்கும் மேல் அது வெளியே போகும். சன்னலில் கை அசைத்து வழியனுப்பிக்கொண்டிருப்பவரின் தோளும், விளிம்பில் நிற்கும் குழந்தையின் தலையும் அந்த அரை மீட்டருக்குள்தான் இருக்கின்றன. லாரியைச் சாலையோரத்திலிருந்து எடுக்கும்போது நீங்கள் பார்த்துப் பழகியது சாலைப் பக்கக் கண்ணாடியை. பின்னால் வண்டி வருகிறதா என்பதே உங்கள் கவலை. பேருந்தில் அந்தக் கவலையோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆகவே தொடக்கத்தில் நேராகச் சிறிது தூரம் நகர்ந்து, பின் சிறிது சிறிதாகத் திருப்பி வெளியேறுங்கள். நகரத் தொடங்கிய பின்னும் ஒருமுறை நடைபாதைப் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். முன்னால் வேறு வண்டி நெருக்கமாக நின்று, முழுதாகத் திருப்பினாலன்றி வெளியேற முடியாது என்றால், பின்பக்கம் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு நடைவேகத்தில் வெளியேறுங்கள், இல்லையேல் காத்திருங்கள். காத்திருந்ததற்காக நான் யாரையும் தவறவைத்ததில்லை.

புறப்படும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். கதவு முழுதாக மூடியதைக் கண்ணால் பார்ப்பது, ஓடிவருபவர் உண்டா என்று நடைபாதைப் பக்கக் கண்ணாடி, ஏறியவர் அமர்ந்துவிட்டாரா அல்லது பிடித்துக்கொண்டாரா என்று உள்கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர் சிக்னல், சாலைப் பக்கக் கண்ணாடி, கண்ணாடிக்குத் தெரியாத மூலைக்குத் தலை திருப்பிய ஒரு பார்வை, அதற்குப் பிறகே ஹேண்ட் பிரேக். உள்கண்ணாடியைப் பார்க்கும் வழக்கம் லாரியில் இல்லாததால், உங்களுக்கு விட்டுப்போவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், நேரம் தவறிவிட்டது என்ற அவசரத்தில், ஏறிய ஒரு மூதாட்டி அமர்வதற்கு முன் வண்டியை எடுத்துவிட்டேன். அவர் கம்பியை எட்டிப் பிடிப்பதற்குள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, "உனக்கு வேலைக்கு ஒன்றும் ஆகாதே?" என்று அவர் என்னைக் கேட்டார். அன்றிலிருந்து உள்கண்ணாடியைப் பார்க்காமல் நான் ஹேண்ட் பிரேக்கை எடுத்ததில்லை.

மேல்முறையீடும் மறுதேர்வும்

மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கலாம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பொதுவாக இத்தகைய முறையீடுகளில் பார்க்கப்படுவது, தேர்வு விதிப்படி நடத்தப்பட்டதா என்பதுதான்: குறித்த நேரம் ஓட்டவைத்தார்களா, விதியில் இல்லாத எதையாவது செய்யச் சொன்னார்களா, வண்டியில் கோளாறு இருந்தும் தொடர்ந்தார்களா என்பன போன்றவை. ஒரு தவறு சிறியதா கடுமையானதா என்ற தேர்வாளரின் மதிப்பீட்டை மாற்றுவது மிக அரிது. முறையீடு வென்றாலும் பெரும்பாலும் கிடைப்பது இன்னொரு தேர்வுதான். தேர்ச்சி என்று மாற்றி எழுதித் தருவதில்லை. நீங்கள் எழுதியதில் விதிமீறல் எதையும் நான் காணவில்லை. தேர்வாளர் உங்கள் பின்னணியை இழிவாகப் பேசினார், பணம் கேட்டார் என்பன போன்று ஏதேனும் நடந்து அதை எழுதத் தயங்கியிருந்தால், அது வேறு விஷயம். தேதியும் நேரமும் குறித்து உடனே எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், அந்தச் செலவையும் மனவலிமையையும் பயிற்சியில் போடுங்கள்.

பன்னிரண்டு நாள் தேதியை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. ஓட்டத் தெரியாதவர் புதிதாகக் கற்பதற்குக்கூடச் சில வேளை குறைந்த நாள் போதும். நீங்கள் செய்யவேண்டியது 9 ஆண்டுப் பழக்கத்தை அவிழ்த்துவிட்டு வேறொன்றை அதன் இடத்தில் பழக்குவது. பதற்றம் வரும் கணத்தில் பழைய பழக்கம்தான் முதலில் கைக்கு வரும். இதற்கிடையில் லாரியையும் நாள்தோறும் ஓட்டப்போகிறீர்கள். ஐந்து அல்லது ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். லாரியிலும் உங்களால் பயில முடிந்தவை உண்டு: 60 மீட்டருக்கு முன்பே பிரேக்கைத் தொடங்குவது, கடைசி மீட்டரில் தளர்த்துவது, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. "முன்னால் பள்ளி, வேகம் குறைக்கிறேன், இடப்பக்கம் மிதிவண்டி, இடம் விடுகிறேன்" என்று சொல்லும்போது கண் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பது உங்களுக்கே விளங்கும். வகுப்புகளில் திருப்பத்துக்கும் நிறுத்தத்துக்கும் மட்டுமே நேரம் கேளுங்கள். நெடுஞ்சாலையில் நேராக ஓட்டிக் காசைக் கரைக்காதீர்கள்.

மெதுவாக ஓட்டினால் தேர்வாளர் மகிழ்வார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அளவுக்கு மீறி மெதுவாக ஓட்டுவதும், போகக்கூடிய இடைவெளி கிடைத்தும் சந்திப்பிலேயே நின்றுவிடுவதும் தவறாகவே குறிக்கப்படும். சாலை அனுமதிக்கும் இடத்தில் அனுமதித்த வேகத்தில் ஓட்டுங்கள்.

வண்டியைச் சுற்றிப்பார்க்கும் சோதனையில் டயர், விளக்கு, காற்றழுத்தம், கசிவு ஆகியவை உங்களுக்குப் பழக்கமானவை. அவசரக் கதவும் கூரைத் திறப்பும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கின்றனவா, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இடத்தில் இருக்கிறதா, தீயணைப்பானின் அழுத்தம் சரியா, கைப்பிடிகளும் படிகளும் தளராமல் இருக்கின்றனவா, சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இறங்குகிறதா, கதவு திறந்திருக்கும்போது வண்டி நகராமல் தடுக்கும் அமைப்பு வேலை செய்கிறதா என்பவை புதியவை. மனப்பாடமாக ஒப்பிக்காமல், பொருளைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

நிறுவனம் பயிற்சி தருவது நல்ல வாய்ப்புதான். நாள்தோறும் பேருந்திலேயே உட்கார்ந்து பழகுவதற்கு ஈடு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு என்ற காலமும் தன்னளவில் அச்சுறுத்துவதாக எனக்குப் படவில்லை. ஆனால் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடியும் தவறினால் செலவு யாருடையது? இடையில் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுமா, பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்பக் குறையுமா? உடல்நலக் காரணத்தால் ஓட்ட முடியாமல் போனாலும், அவர்களே வேலையிலிருந்து நீக்கினாலும் பணம் கேட்பார்களா? உரிமமும் சான்றிதழும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்குமா? மூலச் சான்றிதழ்களைப் பிணையாக வைத்துக்கொள்வோம் என்றால் கையெழுத்திடாதீர்கள்.

அவர்கள் எந்த வண்டியில் தேர்வுக்கு அனுப்புவார்கள் என்பதையும் கேளுங்கள். பல நாடுகளில் ஆட்டோமேட்டிக் வண்டியில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம் என்று உரிமத்தில் குறித்துவிடுவார்கள். முன்பு பெற்ற உரிமத்தைப் பொறுத்து இதற்கு விலக்கும் உண்டு. கையால் கியர் மாற்றுவது உங்களுக்குக் கடினமில்லை. உங்கள் உரிமம் கட்டுப்பாடின்றி இருப்பது பின்னாளில் வேலை மாறும்போது உதவும்.

மாத்திரையும் உறக்கமும்

நான் மருத்துவன் அல்லேன். ஆகவே இங்கே மருந்து சொல்லப்போவதில்லை, மருத்துவரிடம் போகச் சொல்லப்போகிறேன். நண்பர் தருவதாகச் சொல்லும் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பதற்றத்துக்கென்று கைமாறும் மாத்திரைகளில் சில, தூக்கத்தை வரவழைத்துக் கைகால் எதிர்வினையை மந்தமாக்குபவை. அவற்றுக்கு அடிமையாகும் ஆபத்தும் உண்டு. இன்னும் சில, இதயத் துடிப்பைக் குறைப்பவை. ஆஸ்துமா உள்ளவருக்கு அவை மூச்சையே அடைத்துவிடக்கூடும், சிலருக்குத் தலைசுற்றலும் வரும். வேறொருவருக்கு எழுதித்தந்த மருந்தை வாங்கிப் போட்டுக்கொண்டு பேருந்தின் ஸ்டீயரிங்கில் அமராதீர்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில்கூடத் தூக்கம் வரவழைப்பவை இருக்கின்றன. தேர்வு வாரத்தில் சளி பிடித்தால், ஓட்டுநர் என்று சொல்லியே மருந்து கேளுங்கள்.

குறட்டையைப் பற்றி நீங்கள் எழுதியது தேர்வைவிட முக்கியமானது. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று திணறி எழுவதும், போதிய நேரம் படுத்திருந்தும் பகலில் கண் அசருவதும் சேர்ந்து இருந்தால், உறக்க மூச்சுத்தடை என்ற நோயாக அது இருக்கக்கூடும். இரவெல்லாம் உறக்கம் துண்டுதுண்டாகச் சிதறுவதால் அந்த உடல் பகலில் தன்னையறியாமல் சில நொடி உறங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண்ணை மூடினால் வண்டி 50 மீட்டர் ஓட்டுநரே இல்லாமல் ஓடியிருக்கும். இப்போது லாரியிலும் இந்த ஆபத்தோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது.

இதைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது கண்டறியக்கூடிய, சிகிச்சை உள்ள நோய். உறக்கத்தைப் பதிவுசெய்யும் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடும். உறங்கும்போது மூச்சுவழியைத் திறந்துவைக்கும் காற்றுக் கருவி பலருக்கு நல்ல பலன் தருகிறது. எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பதும் உதவும். நோய் கட்டுக்குள் வந்ததாக மருத்துவர் உறுதிசெய்தபின் மறுபடி ஓட்ட அனுமதி பெற்ற ஓட்டுநர்கள் இருக்கிறார்கள்; என்னிடம் பயின்றவர்களிலும் உண்டு. சில காலம் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லக்கூடும். அந்தக் காலத்தின் வருமான இழப்பு உண்மையானது, அதை நான் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன். மறைத்துவிட்டு, பின்னால் ஒரு விபத்து நேர்ந்தால், படிவத்தில் பொய் கூறியது உங்கள் உரிமத்தையும் காப்பீட்டையும் பறிக்கலாம். வழக்கில் அது உங்களுக்கு எதிரான சான்றாகவும் நிற்கும். விபத்துக்குமுன் தானே சென்று பரிசோதித்துக்கொண்ட ஓட்டுநரின் நிலை முற்றிலும் வேறு.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் மருத்துவர், மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், இரவில் நடப்பதை அவரால்தான் சொல்ல முடியும். மருத்துவரைப் பார்க்கும் வரை, கண் அசந்தால் அந்த இடத்திலேயே பாதுகாப்பாக ஓரம்கட்டி நிறுத்திவிட வேண்டும். வேலை தருபவரிடம் இரவு ஓட்டம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவர் ஓட்டலாம் என்று சொன்னபின் நிறுவனத்தின் ஒப்பந்தம், அதன்பின் மறுதேர்வுத் தேதி. பன்னிரண்டாம் நாள் தேதியை நாளைக்கே ரத்து செய்துவிடுங்கள். குறித்த நாளுக்குமுன் ரத்து செய்தால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதற்கேற்ப ஆறு வாரப் பயிற்சியை எப்படிப் பிரிப்பது என்று அப்போது சேர்ந்து பார்ப்போம்.